ஆட்டோகிளேவ் ஓடிவிட்டது என்பதற்காகக் கிருமி செத்துவிட்டது என்று நம்பலாமா?

கொடைச்சாரல் | பல் மருத்துவர், திண்டுக்கல் மாவட்டம் | ஞாயிறு, இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். ஐந்து ஆண்டுகளாகச் சிறிய ஊர் ஒன்றில் பல் மருத்துவமனை நடத்துகிறேன். ஒரே நாற்காலி, ஒரே உதவியாளர். பதிவைப் புதுப்பிக்கும் காலம் வந்ததால் போன வாரம் கோப்பை எடுத்து அடுக்கினேன். இணை இயக்குநர் அலுவலகம் கொடுத்த மருத்துவ நிறுவனப் பதிவுச் சான்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, கழிவு எடுக்கும் நிறுவனத்தின் ஒப்பந்தம், எக்ஸ்ரே கருவிக்கான அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய ஆவணம், தீயணைப்பான் நிரப்பிய ரசீது என்று எல்லாம் இருந்தன. நிம்மதியாகக் கோப்பை மூடப்போன நேரத்தில் என் உதவியாளர் கேட்டாள்: "அக்கா, நம் ஆட்டோகிளேவுக்கு மட்டும் ஒரு தாளும் இல்லையே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நீராவி அழுத்தத்தில் கருவிகளின் கிருமியைக் கொல்லும் பெட்டி அது. என்னிடம் இருப்பது மேலே மூடி போட்டு இறுக்கும் பழைய வகை. 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 20 நிமிடம் என்று வைப்போம். பொட்டலத்தின் மேல் ஒட்டிய இண்டிகேட்டர் டேப்பில் கோடு கறுத்தால் எடுத்து அடுக்கிவிடுவோம். ஐந்து ஆண்டுகளில் நாங்கள் பார்த்த ஒரே சோதனை அதுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பல்லைக் குடையும் ஏரோட்டர் என்னிடம் இரண்டுதான் இருக்கிறது. கூட்டம் அதிகமான நாளில் இரண்டு நோயாளிகளுக்கு இடையே ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுப் பயன்படுத்தியிருக்கிறேன். நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

வைகைக்கரை | நுண்ணுயிரியல் ஆசிரியை, மதுரை | ஞாயிறு, இரவு 10:25

உங்கள் உதவியாளரை முதலில் பாராட்டுங்கள், டாக்டர். ஆய்வுக்கு வருபவர்களில் பலருக்குத் தோன்றாத கேள்வி அது.

டேப்பில் கோடு கறுப்பது, அந்தப் பொட்டலம் சூட்டைப் பார்த்தது என்பதற்கு மட்டுமே அடையாளம். உள்ளே இருக்கும் கொறடின் கீல் இடுக்கில் நீராவி போய்ச் சேர்ந்ததா, போதிய நேரம் நின்றதா என்று டேப்புக்குத் தெரியாது. அதற்கு ஸ்போர் சோதனை வேண்டும். ஸ்போர் என்றால் வித்து. ஜியோபேசிலஸ் ஸ்டீரோதெர்மோபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளைத் தடவிய சிறு காகிதச் சீட்டு ஒன்று உறையில் வரும். நீராவிக்கு எளிதில் சாகாத வித்துகள் அவை. அதைப் பொட்டலங்களின் நடுவில், சூடு சேர்வது மிகவும் கடினமான இடத்தில் வைத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். பிறகு அந்தச் சீட்டையும், ஆட்டோகிளேவில் வைக்காத இன்னொரு சீட்டையும் சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். 55 முதல் 60 டிகிரி சூட்டில் வைத்து ஓரிரு நாட்கள் கவனிப்பார்கள். வைக்காத சீட்டில் வளர வேண்டும், வைத்த சீட்டில் வளரக் கூடாது. இரண்டிலும் வளரவில்லை என்றால் சீட்டே கெட்டது, சோதனை செல்லாது.

வாரம் ஒரு முறை செய்ய வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. நம் ஊரில் மாதம் ஒரு முறையாவது தொடங்குங்கள்.

ஏரோட்டரை ஸ்பிரிட்டில் துடைப்பதைப் பற்றி: அதன் உட்குழல் வழியே நோயாளியின் எச்சிலும் இரத்தமும் பின்னோக்கி உறிஞ்சப்படுகின்றன. வெளியே துடைத்து என்ன பயன்? மன்னியுங்கள், நீங்கள் நேராகக் கேட்டதால் நேராகச் சொல்கிறேன்.

தாமிரபரணி62 | பல் மருத்துவர், திருநெல்வேலி | திங்கள், காலை 6:15

முப்பத்தைந்து ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தொடக்கத்தில் நாங்கள் கருவிகளைத் தண்ணீரில் கொதிக்க வைத்தோம். பிறகு குளுட்டரால்டிஹைடு கரைசலில் ஊறவைத்தோம். ஆட்டோகிளேவ் வாங்கியது பின்னால்தான். ஒரு நோயாளியும் என்னால் தொற்று வந்தது என்று திரும்பி வந்ததில்லை.

ஆசிரியை அம்மா சொல்வதைத் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் கிராமத்தில் பல் எடுக்க 300 ரூபாய் கொடுப்பதற்கே கையைப் பிசைகிறார்கள். நாலைந்து ஏரோட்டர், வெற்றிட பம்பு வைத்த கிளாஸ் பி ஆட்டோகிளேவ், ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பவுச் என்ற ஒட்டும் உறை, மாதாமாதம் சோதனை என்று கணக்குப் போட்டால் கட்டணத்தைக் கூட்டத்தான் வேண்டும். கூட்டினால் அந்த மக்கள் சந்தையில் நாற்காலி போட்டுப் பல் பிடுங்கும் போலி ஆளிடம் போவார்கள். அவனிடம் கொதிநீர்கூட இருக்காது. விதி எழுதுபவர்கள் இதையும் யோசிக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

வைகைக்கரை | திங்கள், காலை 7:50

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் "யாரும் திரும்பி வந்ததில்லை" என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. மஞ்சள் காமாலை பி வகை உடலில் நுழைந்து வெளியே தெரிய இரண்டு முதல் ஐந்து மாதம் வரை ஆகும். சி வகை பல ஆண்டுகள் சத்தமில்லாமல் கிடக்கும். மார்கழியில் பல் எடுத்துக்கொண்டவர் வைகாசியில் கண் மஞ்சளானால் கீழாநெல்லி தேடிப் போவாரே தவிர, உங்கள் நாற்காலியை நினைப்பாரா? காய்ந்த இரத்தத் துளியில் பி வகை வைரஸ் குறைந்தது ஏழு நாட்கள் உயிரோடு இருக்கும்.

2013-ல் அமெரிக்காவின் டல்சா நகரில் நடந்ததைப் பாருங்கள். ஒரு பல் மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற சுமார் 7,000 பேரைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்கு ஹெபடைடிஸ் சி, அதாவது அந்த சி வகை, பரவியது மரபணுச் சோதனையில் உறுதியானது. அந்த மருத்துவமனையின் ஆட்டோகிளேவுக்கு ஆறு ஆண்டுகளாக ஸ்போர் சோதனையே நடக்கவில்லை. அவரிடமும் யாரும் புகாரோடு திரும்பி வந்திருக்க மாட்டார்கள், தேடும்வரை.

இன்னொன்று, ஐயா. குளுட்டரால்டிஹைடு 2 சதவீதக் கரைசலில் 20 நிமிடம் வைப்பது உயர்நிலைக் கிருமிநீக்கம் மட்டுமே. வித்துகளும் சாக வேண்டுமானால் 10 மணி நேரம் ஊற வேண்டும். அத்தனை நேரம் யார் வைத்தார்கள்?

பாலாற்றங்கரை | திருப்பத்தூர் மாவட்டம் | திங்கள், காலை 11:05

நான் மருத்துவன் அல்ல. எங்கள் மாவட்டத்தில் நடந்தது பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போனவர்களில் பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியோய்டோசிஸ் வந்தது. எட்டுப் பேர் இறந்துவிட்டார்கள். நடந்தது 2023-ல். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் பொது சுகாதாரத் துறையினரும் மற்றவர்களும் சேர்ந்து துருவி ஆராய்ந்து எழுதியது 2025-ல் லான்செட் குழும இதழில் வெளியான பிறகுதான் ஊருக்கே முழு விவரம் தெரிந்தது. அந்த நோயைத் தரும் பர்க்கோல்டேரியா சூடோமாலே என்பது மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் பாக்டீரியா. அது வாய்க்குள் போன வழி எது தெரியுமா? சலைன் பாட்டில். ஈறை எலும்பிலிருந்து விலக்கப் பயன்படும் கருவியால் பாட்டிலைத் திறந்து, வாயைத் தளர்வாக மூடிவைத்து, அடுத்தவருக்கும் அதற்கடுத்தவருக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஒரு சலைன் பாட்டில் என்ன விலை? நாற்பது ஐம்பது ரூபாய் இருக்குமா? திருநெல்வேலி ஐயா ஏழைகளின் செலவைப் பற்றிக் கவலைப்படுகிறார். அது நியாயமான கவலைதான். ஆனால் அந்த எட்டுப் பேரும் பணக்காரர்களாக இருந்து இறக்கவில்லை. பல்வலிக்குப் போனவர்கள் அவர்கள்.

தாமிரபரணி62 | திங்கள், பகல் 1:30

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுதவில்லை. எங்கள் மருத்துவமனையில் 500 மில்லி பாட்டிலைத் திறந்து இரண்டு மூன்று நாள் வைத்துக்கொள்வது உண்டு. இன்று காலை திறந்திருந்த பாட்டிலைக் கொட்டிவிட்டேன். இனி 100 மில்லி பாட்டில், ஒரு நோயாளிக்கு ஒன்று.

செவ்வந்தி | பல் மருத்துவமனை உதவியாளர் | திங்கள், மாலை 4:10

எல்லோரும் நோயாளியைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்களைப் பற்றியும் கொஞ்சம் எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்ததும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே கருவி கழுவும் தொட்டியைக் காட்டினார்கள். கையுறையாகக் கொடுத்தது பரிசோதனைக்குப் போடும் மெல்லிய உறை. மூன்றாம் மாதம், டாக்டர் பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடும்போது என் இடது கைப் பெருவிரலில் குத்திவிட்டது. "டெட்டால் போட்டுக் கழுவு, ஒன்றும் ஆகாது" என்றார்கள். அந்த நோயாளி யார், அவருக்கு என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆறு மாதம் தூங்காமல் கிடந்து, அம்மாவிடம்கூடச் சொல்லாமல் தனியாகப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். ஒன்றும் இல்லை என்று வந்தது.

இப்போது வேறு இடத்தில் இருக்கிறேன். இங்கே டாக்டர் அம்மா சேர்ந்த அன்றே மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட வைத்தார். முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து என்று மூன்று தவணை. பிறகு உடலில் எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று இரத்தத்தில் பார்த்தோம். ஊழியருக்கு இந்தத் தடுப்பூசியும் ஆண்டுக்கு ஒரு முறை உடல் பரிசோதனையும் தருவது 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளிலேயே இருக்கிறது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பழைய இடத்தில் கோப்பில் அந்த விதிக்கும் ஒரு டிக் அடித்திருப்பார்கள்.

கொடைச்சாரல் அக்கா, உங்கள் உதவியாளருக்குத் தடுப்பூசி போட்டுவிட்டீர்களா?

கொடைச்சாரல் | திங்கள், மாலை 5:00

இல்லை, செவ்வந்தி. நாளை காலை அழைத்துப் போகிறேன்.

வைகைக்கரை | திங்கள், மாலை 5:40

செவ்வந்தி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஊசி குத்தினால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், டெட்டாலோ ஸ்பிரிட்டோ ஊற்ற வேண்டாம். நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயன் இல்லை. முதலாளி கோபித்துக்கொள்வார் என்று மறைக்காதீர்கள். ஊசிக்கு மூடி போட்டே ஆக வேண்டிய இடத்தில் மூடியைத் தட்டில் கிடத்தி, ஒரே கையால் ஊசியை நுழைத்து எடுங்கள். மற்றக் கை அருகில் வரவே கூடாது.

மஞ்சள் வண்டி | மருத்துவக் கழிவு சேகரிப்பு, கொங்கு மண்டலம் | திங்கள், இரவு 8:20

நான் கழிவு எடுக்கும் வண்டியில் மேற்பார்வை. எங்கள் ஆட்கள் குத்து வாங்குவது பெரும்பாலும் சிவப்புப் பையால்தான். சிவப்பு என்பது உறிஞ்சு குழாய், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சு போன்ற பிளாஸ்டிக்குக்கு உரியது. ஊசியும் பிளேடும் வேர் சிகிச்சை ஃபைலும் துளையாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். இரத்தம் தோய்ந்த பஞ்சு, எடுத்த பல், சதைத் துணுக்கு மஞ்சளுக்கு. மருந்துக் கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு. இது தெரியாத மருத்துவமனை இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல் அலுப்பில் எல்லாம் ஒரே பைக்குள் விழுகிறது.

பாதரசக் கலவை அடைத்த பல்லை மஞ்சள் பையில் போடாதீர்கள். அது எரியுலைக்குப் போகும், பாதரசம் ஆவியாகி ஊர்க் காற்றில் கலக்கும். தனி மூடி டப்பாவில் சேர்த்து வைத்து எங்களிடம் தனியே சொல்லிக் கொடுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் கழிவை வைத்திருக்கக் கூடாது என்பது விதி. "வாரம் ஒரு நாள் வந்தால் போதும், கட்டணம் குறையுமா" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் என் பிள்ளைகளைக் காட்டுவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

கொடைச்சாரல் | வியாழன், இரவு 10:15

ஸ்போர் சோதனை முடிவு வந்துவிட்டது. வளர்ந்திருக்கிறது.

இன்று மதியம் ஆய்வகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னபோது நாற்காலியில் ஒரு பாட்டி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கை நடுங்கியது. அவருக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்து, இரண்டு நாள் கழித்து வரச் சொல்லிவிட்டேன். அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. ஐந்து ஆண்டுகளாக வந்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன.

வைகைக்கரை | வியாழன், இரவு 10:40

முதலில் தண்ணீர் குடியுங்கள், டாக்டர். ஒரு முறை வளர்ந்ததை வைத்து உலகம் இடிந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

அந்த ஆட்டோகிளேவை இன்றே நிறுத்துங்கள். பயன்படுத்தாமல் அலமாரியில் இருக்கும் பொட்டலங்கள் எல்லாவற்றையும் கிருமி நீங்காதவையாகவே கருதி ஒதுக்குங்கள். எப்படி அடுக்கினீர்கள், எத்தனை நிமிடம் ஓடியது, காற்று முழுவதும் வெளியேறிய பிறகா வால்வை மூடினீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும். அதைத் திருத்தி மறுபடி ஸ்போர் சீட்டு வையுங்கள். இரண்டாவதும் வளர்ந்தால் எந்திரத்தில் கோளாறு. பழுது பார்த்த பிறகு, காலிப் பெட்டியாகத் தொடர்ந்து மூன்று சுற்று ஓட்டி, மூன்றிலும் வளராமல் இருந்தால்தான் திரும்ப எடுக்க வேண்டும்.

நோயாளிகளிடம் என்ன சொல்வது என்பதை நீங்கள் தனியாக முடிவு செய்ய வேண்டாம். மாவட்ட சுகாதார அலுவலரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

தாமிரபரணி62 | வெள்ளி, காலை 5:50

மகளே, இரவு முழுதும் உன்னைப் பற்றியே யோசித்தேன். தவறைத் தேடிப் போய்க் கண்டுபிடித்தவள் நீ. நான் முப்பத்தைந்து ஆண்டுகள் தேடவே இல்லை. உன் ஊர்ப்பக்கம் தெரிந்த மருத்துவர் யாரிடமாவது கிளாஸ் பி எந்திரம் இருந்தால் கருவிகளை மூடிய பெட்டியில் வைத்து அங்கே கொண்டுபோய் ஓட்டிக்கொள். வெட்கப்படாதே. எனக்கும் ஒரு ஸ்போர் சீட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆனைமலை அடிவாரம் | பல் மருத்துவர், பொள்ளாச்சி | வெள்ளி, காலை 9:30

இதோடு தண்ணீரையும் பேசிவிடலாம். ஏரோட்டரிலும், பல் காறை எடுக்கும் ஸ்கேலரிலும் பீய்ச்சும் தண்ணீர் மெல்லிய குழாய்களில் இரவெல்லாம் தேங்கி நிற்கிறது. உட்சுவரில் பாசி போல ஒரு படலம் பிடிக்கும். 2016-ல் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில், பால்பல்லுக்கு வேர் சிகிச்சை பெற்ற குழந்தைகள் பலருக்குத் தாடை எலும்புவரை தொற்று போனது. காரணம் அந்தக் குழாய்த் தண்ணீரில் இருந்த மைக்கோபாக்டீரியம். நான் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை நேராக இணைத்திருந்தேன். இப்போது தனி பாட்டிலில் சுத்திகரித்த தண்ணீர், வாரம் ஒரு முறை குழாய் கழுவும் மருந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே அரை நிமிடம் ஓடவிடுதல் என்று மாற்றிவிட்டேன். எலும்பைத் தொடும் அறுவைக்கு இந்தத் தண்ணீரே கூடாது, சலைன்தான்.

மரத்துப்போகும் மருந்துக் குப்பியும் அப்படியே. நம்மிடம் இருப்பது 30 மில்லி லிக்னோகெயின். ஒரே நோயாளிக்கு இரண்டாம் முறை மருந்து எடுக்கும்போதுகூடப் புது ஊசி, புது சிரிஞ்சு. திறந்த தேதியைக் குப்பியின் மேல் எழுதுங்கள். 28 நாள் ஆனால் மிச்சம் இருந்தாலும் கொட்டுங்கள்.

வாசகி_தேனி | வெள்ளி, பகல் 12:00

நோயாளியாகப் போகும் நான் எதைக் கவனிக்க வேண்டும்? எங்கள் டாக்டர் நீல விளக்கு எரியும் பெட்டியிலிருந்துதான் கருவி எடுக்கிறார். அது போதுமா?

செவ்வந்தி | வெள்ளி, பகல் 12:45

போதாது அக்கா. அந்த நீல விளக்குப் பெட்டி, ஏற்கெனவே கிருமி நீக்கியதை வைக்கும் அலமாரி மட்டுமே. ஒட்டிய பவுச்சை உங்கள் கண்முன் கிழிக்கச் சொல்லுங்கள். பவுச்சின் மேல் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். கையுறையோடு தொலைபேசியை எடுத்துவிட்டு அதே கையை வாயில் வைக்க வந்தால் மாற்றச் சொல்லுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எக்ஸ்ரே எடுக்கும்போது ஃபிலிமை நீங்கள்தான் பிடிக்க வேண்டும், எங்களைப் பிடிக்கச் சொல்லாதீர்கள். நாங்கள் ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு எடுக்கிறோம்.

கொடைச்சாரல் | அடுத்த வாரம் புதன், இரவு 9:10

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

பொட்டலங்களை இறுக்கித் திணித்திருந்தோம். அதைத் திருத்தி வைத்த இரண்டாம் சீட்டிலும் வளர்ந்தது. பழுது பார்ப்பவர் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருப்பதையும், அழுத்தமானி இரண்டு பவுண்டு கூடுதலாகக் காட்டுவதையும் கண்டுபிடித்தார். முள் 15-ல் நின்றது, உள்ளே 13 பவுண்டுதான் இருந்தது. அடியில் ஒரு விரல் அளவுக்கு உப்புப் படிவு. காய்ச்சி வடித்த தண்ணீர் கிடைக்காத நாளில் குழாய்த் தண்ணீர் ஊற்றியதன் பலன்.

மாவட்ட சுகாதார அலுவலரிடம் போனேன். திட்டவில்லை. கோளாறு எப்போது தொடங்கியிருக்கும் என்று கேட்டார், வளையம் கடைசியாக மாற்றிய ரசீதைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பல் எடுத்தவர்கள், அறுவை செய்தவர்கள் பட்டியலை என் பதிவேட்டிலிருந்து நானே எழுதிக் கொடுத்தேன். 212 பேர். இலவச இரத்தப் பரிசோதனைக்கு அவர்களை அழைக்கிறோம். தொலைபேசியில் நானே பேசுகிறேன். இன்றுவரை 61 பேரிடம் பேசிவிட்டேன். இருவர் கடுமையாகத் திட்டினார்கள். ஒரு பெரியவர், "சொன்னாயே அம்மா, அது போதும்" என்றார். அவரிடம் பேசி முடித்த பிறகுதான் நான் அழுதேன்.

நகையை அடகு வைத்து கிளாஸ் பி எந்திரத்துக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன். கூடுதலாக மூன்று ஏரோட்டரும் வாங்கினேன். பல் எடுக்கும் கட்டணத்தை 50 ரூபாய் கூட்டி, ஏன் கூட்டினேன் என்று சுவரில் எழுதி ஒட்டினேன். இதுவரை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை, ஐயா.

என் உதவியாளருக்கு முதல் தவணைத் தடுப்பூசி ஆகிவிட்டது. ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கி அவளே கோடு போட்டிருக்கிறாள்: தேதி, சுற்று எண், தொடங்கிய நேரம், சூடு, அழுத்தம், முடிந்த நேரம், டேப், ஸ்போர் முடிவு, கையெழுத்து. கையெழுத்து என்னுடையது வேண்டாம், எந்திரத்தை ஓட்டுபவள் நான்தான் என்று சொல்லித் தன் பெயரையே எழுதுகிறாள்.

பழைய எந்திரம் பழுது பார்த்து வந்துவிட்டது. காலிப் பெட்டியாக இரண்டு சுற்றிலும் வளரவில்லை. மூன்றாம் சீட்டு இன்று மாலை பஸ்ஸில் மதுரைக்குப் போயிருக்கிறது.

வைகைக்கரை | புதன், இரவு 9:35

வந்து சேர்ந்துவிட்டது, டாக்டர். வெள்ளிக்கிழமை காலை சொல்கிறேன்.